வெடியுப்பு

அட்டைப் பெட்டிக்குள் பஞ்சு விரித்து அந்தக் கையை வைத்திருந்தார்கள். மெழுகுக் கை. ஒரு மனிதனின் வலது கையில் உருக்கிய மெழுகைத் தூரிகையால் பூசி, சல்லாத் துணியைச் சுற்றி, மறுபடியும் பூசி, ஆறியபின் கையுறையைப் போலக் கழற்றி எடுத்தது. வெட்டி மலர்த்தியிருந்த அதன் உள்பக்கத்தில் விரல் மடிப்புகளும் ஒரு பழைய தழும்பும் நகங்களின் விளிம்பும் அப்படியே பதிந்திருந்தன. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கடுகைவிடச் சிறியதாகச் சில பழுப்புப் புள்ளிகள். "சோதித்த அன்று இவை கருநீலமாக இருந்தன" என்று சாட்சிக் கூண்டில் நின்றவர் ஆங்கிலத்தில் சொன்னார். குற்றவாளிக் கூண்டின் அருகே நின்று நான் அதைத் தமிழில் சொன்னேன். அந்தக் கைக்குச் சொந்தக்காரர் கம்பிக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐம்பதுகள் முடியும் சமயம் அது. சிங்கப்பூர் நீதிமன்றங்களில் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். தமிழ் மட்டும் தெரிந்தவர்களுக்காக என்னைப் போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தோம். எனக்கு முப்பது வயது இருக்கும். சாட்சி சொல்வதை அரை மூச்சு பிந்தி, தாழ்ந்த குரலில், கூட்டாமல் குறைக்காமல் சொல்லவேண்டும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

சாட்சிக் கூண்டில் நின்றவரை நாங்கள் கெமிஸ்ட் சார் என்போம். அரசு சோதனைக்கூடத்து ரசாயன நிபுணர். யாழ்ப்பாணத்துக்காரர். ஐம்பதை நெருங்கியவர். வெள்ளைக் கால்சட்டை, முழுக்கைச் சட்டை, சட்டைப்பையில் ஒரே ஒரு பேனா. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வார். அந்த இடைவெளியில் வக்கீல்களுக்குப் பொறுமை போய்விடும். நாங்கள் இருவரும் தமிழர்கள்தான். ஆனால் பல வருடங்களாக ஒரே கட்டடத்தில் சந்தித்தும் நாங்கள் தமிழில் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. தாழ்வாரத்தில் பார்த்தால் "குட் மார்னிங்", அவ்வளவுதான். அங்கே அப்படித்தான் பழகியிருந்தோம்.

வழக்கு இதுதான். சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு கள்ளுக்கடைச் சந்தில், அந்தி நேரத்தில், லாரிக் கம்பெனி ஒன்றின் மண்டோர் சுடப்பட்டு இறந்துகிடந்தார். மண்டோர் என்றால் ஆட்களை மேய்க்கும் மேற்பார்வையாளர். அன்று மத்தியானம் அவரோடு சண்டை போட்டு, "உன்னப் பாத்துக்கறேன்" என்று பலர் கேட்கக் கத்தியவர் அவருக்குக் கீழே வேலை செய்த லாரி உதவியாள். சந்துக்கு நான்கு கடை தள்ளி, கடை வாசல்களை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில், குடித்துவிட்டு நினைவில்லாமல் கிடந்த அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். துப்பாக்கி கிடைக்கவில்லை. பார்த்த சாட்சியும் இல்லை. இருந்தது அந்தச் சண்டையும் இந்த மெழுகுக் கையும்தான்.

கெமிஸ்ட் சார் சொன்னது இவ்வளவே. மெழுகு, தோலின் துளைகளில் ஒட்டியிருப்பதை இழுத்துக்கொண்டு வரும். அதன் உள்பக்கத்தில், அடர்ந்த கந்தக அமிலத்தில் கரைத்த ஒரு மருந்தைச் சொட்டு விட்டால், நைட்ரேட் இருக்கும் இடம் நீலமாகும். இந்தக் கையில் நைட்ரேட் இருந்தது. துப்பாக்கி சுடும்போது வெளிவரும் புகையிலும் நைட்ரேட் உண்டு.

நைட்ரேட்டுக்கு என்ன தமிழ்ச் சொல் போடுவது? அரை மூச்சுதான் அவகாசம். பள்ளியில் படித்த பழைய ரசாயனப் புத்தகம் நினைவுக்கு வந்தது. "உன் கையில வெடியுப்பு இருந்துச்சுன்னு சொல்றாரு" என்றேன்.

தப்பான சொல் அல்ல. எந்த அகராதியை எடுத்துப் பார்த்தாலும் இருக்கும். ஆனால் அந்த மனிதர் இரண்டு கைகளையும் கம்பிமேல் வைத்துப் பார்க்க ஆரம்பித்தார். பின்னாலிருந்த பெஞ்சில் யாரோ மூச்சை உள்ளே இழுத்த சத்தம் கேட்டது. இடுப்பில் பெண் குழந்தையோடு வந்திருந்த அவருடைய மனைவி எழுந்து, யாரையும் பார்க்காமல், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். கெமிஸ்ட் சார் கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பிக்கொண்டார். சத்தமாகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போயிற்று. தூக்குத் தண்டனை வழக்கு என்பதால் அவருக்கு ஒரு வக்கீலை நியமித்தார்கள். வக்கீலுக்குத் தமிழ் தெரியாது. ஆகவே ரிமாண்ட் சிறைக்கு என்னையும் அழைத்துப் போனார்.

லாரி உதவியாள் மெலிந்திருந்தார். சாப்பாடு இறங்கவில்லை என்றார். மனைவி வந்து பார்த்தாளா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையை ஆட்டினார். அன்று நீதிமன்றத்தில் இருந்து போனவள்தான், பிறகு ஒரு தடவைகூட வரவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஃபலோ ரோட்டில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாளாம். வக்கீல் அன்று என்ன நடந்தது என்று விசாரித்தார். லாரி உதவியாள் என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல சார். கள்ளுக்கடைக்குப் போனது தெரியும். அப்புறம் போலீஸ் எழுப்பினதுதான் தெரியும். முதல்ல நான் செய்யலன்னுதான் நெனச்சேன். துப்பாக்கிக்கு நான் எங்க போவேன்? ஆனா நீங்க சொன்னீங்கல்ல, கையில வெடியுப்பு இருந்துச்சுன்னு. கவர்மெண்டு பொய் சொல்லுமா? செஞ்சிருக்கேன் போல. ஒத்துக்கிறேன்னு அவருகிட்ட சொல்லிடுங்க."

அதையும் நான் ஆங்கிலத்தில் சொல்லவேண்டியிருந்தது. கூட்டாமல், குறைக்காமல். சொன்னேன். வக்கீல் பேனாவை மூடிவைத்துவிட்டு, யோசித்துச் சொல்லும்படி அவரைக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் நான் கெமிஸ்ட் சாரைத் தேடிப் போனேன். செய்யக்கூடாத காரியம். அவர் அரசுத் தரப்புச் சாட்சி, நான் நீதிமன்ற ஊழியன். தெரிந்தால் வேலை போய்விடும். சோதனைக்கூடத்தின் நீண்ட மேசை ஓரத்தில் அவர் தனியாக நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தார். நான் தமிழில் ஆரம்பித்தேன். சிறையில் கேட்டதை எல்லாம் சொன்னேன். அவர் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"நீர் அந்தச் சொல்லைச் சொல்லேக்கை நான் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான்" என்றார். அவர் தமிழ் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "வெடியுப்பு எண்டால் அதுகளுக்கு வெடிமருந்து எண்டுதான் விளங்கும் எண்டு எனக்குத் தெரியும். ஆனால் கோர்ட்டிலை எழுதப்படுறது இங்கிலீசு. இங்கிலீசிலை பிழை இல்லை. அதாலை பேசாமல் இருந்திட்டன்."

பிறகு என் கையைக் கேட்டார். எதற்கென்று புரியாமல் நீட்டினேன். ஒரு சிறிய பாத்திரத்தில் மெழுகை உருக்கி, சூட்டைத் தன் மணிக்கட்டில் பார்த்துவிட்டு, என் வலது கையில் பூசினார். சூடு பொறுக்கும்படியாகத்தான் இருந்தது. ஆறும்வரை காத்திருந்தோம். உரித்து எடுத்து, உள்பக்கத்தில் சொட்டுச் சொட்டாக மருந்தை விட்டார். சிறிது நேரத்தில், நான் சுருட்டுப் பிடிக்கும் இரண்டு விரல்களின் நடுவில் நீலம் பூத்தது. முதலில் ஒன்று, பிறகு மூன்று நான்கு. மை தெறித்ததுபோல அழகாக இருந்தது.

"புகையிலையிலையும் இருக்கு, தீக்குச்சியிலையும் இருக்கு. இந்தச் சோதனை நைட்ரேட் இருக்கு எண்டு சொல்லும். அது எங்கையிருந்து வந்தது எண்டு சொல்லாது" என்றார். "இது எங்களுக்குத் தெரியாத விசயமில்லை. ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு நானும் சொல்லேல்லை. அந்த மனுசன் என்ன வேலை?"

"லாரி உதவியாள்."

"லாரியிலை என்ன ஏத்தினவர்?"

அந்தக் கேள்வியைப் போலீஸ் கேட்கவில்லை, மாஜிஸ்திரேட் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. வக்கீல் மூலம் விசாரித்தபோது தெரிந்தது. அந்த வாரம் முழுவதும் துறைமுகத்திலிருந்து காய்கறித் தோட்டங்களுக்கு உரமூட்டை ஏற்றியிருக்கிறார். செயற்கை உரம். வெறும் கையால் தூக்கி, கிழிந்த மூட்டைகளிலிருந்து கொட்டியதைக் கையாலேயே அள்ளியிருக்கிறார்.

அதற்குப் பிறகு கெமிஸ்ட் சார் வேறு ஆளாகிவிட்டார். மேலிடத்தில் எழுத்து மூலம் அனுமதி வாங்கிக்கொண்டு, மறு சோதனையில் இறங்கினார். உரக்கிடங்கு ஆட்கள், தோட்டக்காரர்கள், சுருட்டுப் பிடிப்பவர்கள் என்று துப்பாக்கியைக் கண்ணால்கூடப் பார்க்காத பலரின் கைகளில் மெழுகு எடுத்தார். போலீஸ் பயிற்சித் திடலில் நிஜமாகவே சுட்டவர்களின் கைகளிலும் எடுத்தார். சுடாதவர்களின் கையில் நீலம் வந்தது. சுட்ட சிலரின் கையில் வரவில்லை. அப்போதுதான் கப்பலில் வந்த ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையில் புதிய முறை ஒன்று வெளியாகியிருந்தது. நைட்ரேட்டை விட்டுவிட்டு உலோகத்தைத் தேடும் முறை. தோட்டாவின் அடியில் துப்பாக்கியின் சுத்தி வந்து அடிக்கும் இடத்து மருந்தில் ஈயம், பேரியம், ஆன்டிமனி மூன்றும் இருக்கும். அமிலத்தில் நனைத்த துணியால் ஒற்றி எடுத்து மருந்து விட்டால் ஆன்டிமனி ஆரஞ்சு நிறம் காட்டும். வேறொரு மருந்தில் மற்ற இரண்டும் சிவப்பாகும். மேலும் ஒரு சொட்டு அமிலம் விட்டால் ஈயம் மட்டும் நீலமாகும், பேரியம் சிவப்பாகவே நிற்கும். உரத்திலும் புகையிலையிலும் இந்த மூன்றும் சேர்ந்து வருவதில்லை என்று எனக்குப் பொறுமையாக விளக்கினார். திடலில் சுட்டவர்களின் சட்டைக் கைகளில் அதைச் செய்துபார்த்தார். பெரும்பாலும் பிடித்துவிட்டது. சில தடவை அதுவும் கைவிட்டது. அதையும் எழுதிவைத்துக்கொண்டார்.

லாரி உதவியாளின் கையில் இனி எதுவும் மிஞ்சியிருக்காது, கழுவி எத்தனையோ நாளாகிவிட்டது. ஆனால் அன்று அவர் போட்டிருந்த சட்டை தடயப் பொருளாகக் கட்டிவைக்கப்பட்டிருந்தது. அதன் வலது கை விளிம்பை ஒற்றி எடுத்துச் சோதித்தார். எந்த நிறமும் வரவில்லை.

ஜூரியின் முன் அவர் சொன்ன சாட்சியம் அரை நாள் நடந்தது. இரண்டு முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எதைச் சொல்லும், எது எதைச் சொல்லாது என்று விளக்கினார். முதல் சாட்சியத்தில் தான் சொல்லாமல் விட்டது இது என்று தானே சொன்னார். நான் இந்த முறை வெடியுப்பு என்று சொல்லவில்லை. "உரத்திலயும் புகையிலையிலயும் துப்பாக்கிப் புகையிலயும் இருக்கற ஒரு உப்பு" என்று நீட்டிச் சொன்னேன். அப்படியானால் இவர் சுடவில்லை என்கிறீர்களா என்று அரசுத் தரப்பு வக்கீல் மடக்கினார். கெமிஸ்ட் சார் கண்ணாடியைத் துடைத்தார். "அப்படியும் என்னால் சொல்ல முடியாது. சுட்டார் என்று மெழுகு சொல்லவில்லை என்றுதான் சொல்கிறேன்."

லாரி உதவியாளை விட்டுவிட்டார்கள். மண்டோரைக் கொன்றவர் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. விடுதலையானவர் நீதிமன்றப் படியில் நின்று சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் வந்திருக்கவில்லை. "நீங்க வந்து சொன்னா நம்புவா சார்" என்றார் என்னிடம். "நான் சொன்னா கேக்க மாட்டா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானும் கெமிஸ்ட் சாரும் பஃபலோ ரோட்டுக்குப் போனோம். கீழே காய்கறிக் கடை, மேலே பலகைத் தடுப்புப் போட்ட அறைகள். அவள் எங்களைப் பார்த்ததும் பாயை விரித்தாள். கோப்பி கொண்டுவந்து வைத்தாள். குழந்தை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு எங்களை முறைத்தது.

கெமிஸ்ட் சார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தமிழில், அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். "அது உரத்திலையும் இருக்கிற உப்பு அம்மா. உங்கடை மனுசன் அந்தக் கிழமை முழுக்க உரமூட்டை தூக்கினவர். அவர்ரை கையிலை நீலம் வராட்டில்தான் அதிசயம்."

அவள் கடைசிவரை கேட்டாள். முடிந்ததும், "அன்னிக்கே ஏன் சொல்லல சார்?" என்றாள்.

"ஒருத்தரும் கேக்கேல்லை."

"நீங்களும் தமிழ்தானே? இவரு வெடியுப்புன்னு சொன்னது உங்க காதுலயும் விழுந்துச்சுல்ல."

"விழுந்தது."

"நான் தினம் ரெண்டு வேள ஜெயிலுக்குச் சாப்பாடு கட்டிக்கிட்டுப் போனேன் சார், அன்னிக்கு வரைக்கும். அதுக்கப்புறம் போக முடியல. பிள்ளையத் தூக்கின கையாச்சேன்னு இருந்துச்சு."

கோப்பியில் ஆடை படிந்துவிட்டது. கீழே யாரோ வெண்டைக்காய் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சரி, அதெல்லாம் போகட்டும்" என்றாள் அவள். "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவரு சுடல. அப்படித்தானே?"

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். அவர் ஆம் என்று சொல்லிவிடவேண்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். ஒரே ஒரு சொல். அங்கே நீதிபதி இல்லை, எழுதிக்கொள்ள யாரும் இல்லை.

"சுட்டதுக்கு அவரிலை ஒரு அடையாளமும் இல்லை அம்மா. அதுக்கு மேலை ரசாயனத்தாலை சொல்ல ஏலாது. சுடேல்லை எண்டு நிரூபிக்கிற சோதனை இன்னும் உலகத்திலை இல்லை."

அவள் அவரைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "என்ன சொல்றாரு? அவரு பேசற தமிழ் எனக்குப் பாதி புரிய மாட்டேங்குது."

"சுடலன்னு சொல்றாரு" என்றேன்.

கெமிஸ்ட் சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆறிப்போன கோப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

சிராங்கூன் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் பேசினார். "நீர் இத்தனை வருசத்திலை பிழையாய் மொழிபெயர்த்தது இதுதானோ?"

"ரெண்டாவது, சார்."

"இல்லை. முதலாவது பிழை இல்லை. அது சரியான சொல்." அவருடைய பஸ் முதலில் வந்தது.

அவள் அந்த வாரமே கணவரிடம் திரும்பிப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். கெமிஸ்ட் சாருக்கு அப்படி முடிந்துவிடவில்லை. மெழுகுச் சோதனையை இனிமேல் தனியாக நம்பக்கூடாது என்று மேலிடத்துக்கு எழுதினார். தான் முன்பு சாட்சி சொன்ன பழைய கோப்புகளை எல்லாம் எடுத்து, வேலை நேரம் முடிந்தபின் ஒவ்வொன்றாகப் படிக்க ஆரம்பித்தார். அந்தக் கோப்புகளில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று நான் ஒருமுறை கேட்டேன். "வேற சாட்சிகளும் இருந்தது" என்றார். அதைத் தனக்கே சொல்லிக்கொள்வதைப் போலச் சொன்னார். இரண்டு வருடத்தில் தலை முழுதும் நரைத்துவிட்டது. நாங்கள் தாழ்வாரத்தில் பார்த்தால் இப்போது தமிழில் பேசிக்கொண்டோம். ஆனால் வெயில், மழை, அவர் மகளின் கல்யாணம் என்று சுற்றிச் சுற்றிப் பேசினோமே தவிர, பஃபலோ ரோட்டு அறைக்கு மட்டும் இருவருமே திரும்பிப் போகவில்லை. அறுபதுகளின் நடுவில் ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் போனார். இரண்டு பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பினார். மூன்றாவது வருடம் அவர் மகளிடமிருந்து கடிதம் வந்தது.

நானும் ஓய்வு பெற்று ஈசூனில் மகன் வீட்டுக்கு வந்து பல வருடங்களுக்குப் பிறகு, ஒருநாள் தேக்கா சந்தையில் ஒரு பெண்மணி என்னை மறித்து நின்றார். நரைத்த கொண்டை, கையில் முருங்கைக்கீரைக் கட்டு. எனக்கு அடையாளம் தெரியவில்லை. "வெடியுப்பு" என்றார் மெதுவாக. கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். கணவர் தவறி மூன்று மாதமாகிறது என்றார். மகள் கிளமெண்டியில் ஆசிரியை. கெமிஸ்ட் சாரைப் பற்றிக் கேட்டார். சொன்னேன்.

"அந்த ஐயா அன்னிக்குச் சொன்னது எனக்கு நல்லாவே புரிஞ்சுது சார்" என்றார். "முதல் தடவ உங்க வாயாலதான் கேட்டேன். மாத்தியும் உங்க வாயாலயே கேக்கணும்னு இருந்துச்சு. அதான் உங்களக் கேட்டேன். நீங்க சொன்னீங்க. அத வச்சுக்கிட்டுத்தான் குடும்பம் நடத்தினேன். சில நாளு அது போதும். சில நாளு போதாது."

மன்னிப்புக் கேட்டேன். எதற்கென்று அவர் கேட்கவில்லை.

"அவருக்கே தெரியாது சார், அதான் பாவம். ஒருநாளும் ஞாபகம் வரல. ஆஸ்பத்திரியில கடைசி வாரம் என் கையப் பிடிச்சுக்கிட்டு, நான் செஞ்சிருப்பேனான்னு கேட்டாரு. அந்தக் கெமிஸ்ட் ஐயா நம்ம வீட்டுக்கே வந்து, பாயில உக்காந்து, இல்லன்னு சொல்லிட்டுப் போனாருன்னு சொன்னேன்." கீரைக் கட்டைப் பிரித்து மறுபடி கட்டினார். "அப்புறம்தான் தூங்கினாரு."